பதினாலு செகண்ட் மலை!

கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டில் வெள்ளிமலை பஸ் ஏறி, ஜன்னலோர சீட்டு பிடித்து, கல்வராயன் மலைக்குப் போயிருக்கிறீர்களா? கச்சிராயபாளையம் வரைக்கும் வண்டி சமர்த்தாக ஓடும். கோமுகி அணையைத் தாண்டி மலை ஏற ஆரம்பித்ததும் இருக்கே... வளைவு மேல் வளைவு! டிரைவர் அண்ணன் மாவாட்டுகிற மாதிரி ஸ்டியரிங்கைச் சுற்றுவார். காது லேசாக அடைக்கும். பக்கத்து சீட்டு ஆயா புளியைக் கையில் எடுத்து மோந்துகொண்டே வரும். காதில் மாட்டிய ஹெட்போனில் பத்துப் பாட்டாவது ஓடி முடிந்த பிறகுதான் மேலே போய்ச் சேருவோம்.

எதற்கு இந்த பஸ் கதை என்கிறீர்களா? இருங்க பாஸ், விஷயத்துக்கு வர்றேன்!

கல்வராயன் மலையின் பெரும்பகுதி கடல் மட்டத்திலிருந்து 2,000 முதல் 3,000 அடி உயரம். கீழே நம்ம ஊர் சில நூறு அடிதான். ஆக, அடிவாரத்தில் நின்று அண்ணாந்து பார்த்தால் தெரிகிற உயரத்தை, கொஞ்சம் தாராளமாகவே 2,500 அடி என்று வைத்துக்கொள்வோம். விமானத்திலிருந்து குதித்து, வயிறு தரையைப் பார்க்க, கை கால் விரித்து விழுகிற ஒரு ஸ்கைடைவரின் வேகம் மணிக்கு ஏறக்குறைய 190 கிலோமீட்டர். அதாவது ஒரு விநாடிக்கு சுமார் 176 அடி. வகுத்துப் பாருங்கள். 2,500 அடிக்கு எத்தனை விநாடி?

பதினாலு!

நாம் பத்துப் பாட்டு கேட்டு ஏறுகிற மலையை அவர் பதினாலே செகண்டில் 'இறங்கி'விடுவார். இன்னொரு விஷயம். அமெரிக்க பாராசூட் சங்கத்தின் விதிப்படி, கை தேர்ந்தவர்கள்கூட குறைந்தபட்சம் 2,500 அடியில் பாராசூட்டைத் திறந்துவிட வேண்டும். மாணவர்களுக்கும் புதிதாக லைசென்ஸ் வாங்கியவர்களுக்கும் அது 3,000 அடி. அதாவது, நம்ம மலை உச்சி தெரிகிறதே... தோராயமாக அந்தக் கோடுதான் அவர்களுடைய எல்லைக்கோடு. அதற்குக் கீழே வந்து 'ஐயோ, பாராசூட்டைத் திறக்கணுமே' என்று யோசிக்க ஆரம்பித்தால், யோசிக்க இருப்பதே பதினாலு செகண்ட்தான்.

இந்தக் கணக்கு மண்டையில் ஏறிய நாளிலிருந்து எனக்கு ஸ்கைடைவிங் பைத்தியம் பிடித்துவிட்டது. குதிக்கிற பைத்தியம் அப்புறம். அந்தப் பதினாலு செகண்டை நூறு முறை, ஆயிரம் முறை பார்த்துவிட்டு வந்தவர்கள் தினமும் என்னதான் யோசிப்பார்கள் என்று தெரிந்துகொள்ளும் பைத்தியம்.

நம்ம ஆளுங்க இல்லாமலா?

'இதெல்லாம் வெள்ளைக்காரன் விளையாட்டு மச்சி' என்று என் ரூம் மேட் ஆரம்பித்தான். அவனுக்காகவே தேடிப் பிடித்த பெயர் ஆற்காடு கோவிந்தராஜ் ரங்கராஜ். பெயரிலேயே ஆற்காடு! ராணுவ டாக்டர். 1941-ல் இந்திய ராணுவத்தில் பாராசூட் படை உருவானபோது, முதன்முதலில் குதித்த இந்தியர்கள் இரண்டே பேர். ஒருவர் ஹவில்தார் மேஜர் மதுரா சிங். இன்னொருவர் நம்ம டாக்டர் ரங்கராஜ். அதோடு நின்றாரா? பத்து வருஷம் கழித்து, 1951 மார்ச்சில், கொரியப் போரில் அமெரிக்க வீரர்களோடு சேர்ந்து முன்சான்-னி என்ற இடத்தில் தன் மருத்துவக் குழுவுடன் குதித்தார். மகாவீர் சக்ரா விருது வாங்கினார். ஸ்டெதஸ்கோப்போடு வானத்திலிருந்து வந்து இறங்கிய டாக்டர்! ஏன் இன்னும் யாரும் இவரைப் படம் எடுக்கவில்லை என்று தெரியவில்லை.

நம்ம கள்ளக்குறிச்சி மாவட்டத்துக்கே ஒரு தொடர்பு வேண்டுமா? உளுந்தூர்பேட்டையில் இரண்டாம் உலகப்போர் காலத்து ஓடுதளம் ஒன்று இருக்கிறது. ரங்கராஜ் குதிக்கக் கற்றுக்கொண்ட அதே காலகட்டத்தில் போட்டது. சென்னை போகிற பஸ்ஸில் தூங்கிக்கொண்டே உளுந்தூர்பேட்டையைத் தாண்டுகிற மகா ஜனங்களே, அடுத்த முறை கொஞ்சம் கண்ணைத் திறந்து வையுங்கள்.

அப்புறம் ரேச்சல் தாமஸ். ரயில்வேயில் வேலை பார்த்தவர். 1979-ல் ஆக்ராவில் முதல் ஜம்ப். 2002-ல் வட துருவத்தின் மேல் 7,000 அடியிலிருந்து குதித்தார். 650 முறைக்கு மேல் குதித்தவருக்கு 2005-ல் பத்மஸ்ரீ கிடைத்தது. புனேக்காரரான ஷீத்தல் மகாஜன் இன்னும் ஒரு படி மேலே. அவருடைய வாழ்க்கையின் முதல் ஜம்ப்பே 2004-ல் வட துருவத்தில்! 2018 பிப்ரவரியில் தாய்லாந்தின் பட்டாயாவில் மராத்தியர்கள் கட்டுகிற 'நவ்வாரி' ஒன்பது கஜப் புடவையில் குதித்தார்.

புடவை போட்டோவைப் பார்த்து உலகமே 'ஆஹா' என்றது. என் புத்தி வேறு பக்கம் போனது. ஒன்பது கஜம் என்றால் எட்டு மீட்டருக்கு மேல் துணி. 190 கிலோமீட்டர் வேகக் காற்றில் அதில் ஒரு முழம் அவிழ்ந்து, கைப்பிடியை மூடிக்கொண்டால்? அல்லது விரிகிற பாராசூட் கயிற்றில் சிக்கினால்? அந்தப் புடவைக்குக் குத்திய ஒவ்வொரு ஊக்கும் ஒரு பாதுகாப்புச் சாதனம்தான் ஃப்ரெண்ட்ஸ்! அனுபவசாலிகள் சட்டையில் தொங்குகிற நாடாவைக்கூட உள்ளே செருகுவது இதனால்தான். அழகுக்கு இல்லை.

முதுகில் ஒரு மூட்டை... அதற்குள் ஒரு செமஸ்டர்!

ஸ்கைடைவர்கள் முதுகில் மாட்டுகிற பையைப் பார்த்தால் நம்ம காலேஜ் பேக் சைஸ்தான் இருக்கும். அதற்குள் இரண்டு பாராசூட். ஒன்று மெயின், இன்னொன்று ரிசர்வ். மெயின் விரியாவிட்டால் ரிசர்வ். ரிசர்வும் விரியாவிட்டால்? மூன்றாவது கிடையாது. இந்த ஒரு வரியை மனசில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

திறக்கிற விதமே அழகு. முதுகுக்குக் கீழே ஒரு சின்ன பாக்கெட். அதிலிருந்து ஒரு குட்டி பாராசூட்டை எடுத்துக் காற்றில் வீச வேண்டும். பைலட் சூட் என்று பெயர். கிணற்றுக்குள் விட்ட கயிறு வாளியை இழுக்கிற மாதிரி, அந்தக் குட்டி போய்ப் பெரியதை வெளியே இழுக்கும். பெரியது ஒரேயடியாக 'டப்' என்று விரிந்தால் குதித்தவரின் எலும்பு மிஞ்சாது. அதற்காகக் கயிறுகளின் நடுவே ஸ்லைடர் என்று ஒரு சதுரத் துணி. அது மெதுவாகக் கீழே சறுக்கி வர வர, பாராசூட் நிதானமாக விரியும். ஒரு துண்டுத் துணி, நான்கு வளையம். அவ்வளவுதான் டெக்னாலஜி! இதைக் கண்டுபிடிக்கத் தெரியாமல் அந்தக் காலத்தில் என்னென்னவோ செய்து பார்த்திருக்கிறார்கள்.

எனக்கு ரொம்பப் பிடித்தது மூன்று வளையம். மெயின் சிக்கலாக விரிந்தால், அதை முதலில் அறுத்து விட வேண்டும். இல்லையென்றால் ரிசர்வ் அதில் போய் மாட்டிக்கொள்ளும். ஆனால், ஓர் ஆளின் மொத்த எடையையும் தாங்கிக்கொண்டிருக்கிற இணைப்பை, பதற்றத்தில் இருக்கிற ஒருவர் எப்படிச் சுலபமாகக் கழற்றுவார்? 1970-களில் பில் பூத் என்ற அமெரிக்கர் விடை சொன்னார். பெரிய வளையம், அதன் வழியாக மடக்கிய நடு வளையம், அதன் வழியாகச் சின்ன வளையம், கடைசியில் ஒரு துண்டுக் கயிறு. ஒவ்வொரு வளையமும் நெம்புகோல் மாதிரி விசையைக் குறைத்துக்கொண்டே வரும். மொத்த பாரத்தையும் கடைசியில் பிடித்துக்கொண்டிருப்பது ஒரு சின்னக் கயிற்று முடிச்சு. அதற்குள் செருகிய கேபிளை உருவினால் போதும், எல்லாம் கழன்றுவிடும்.

நம்ப முடியவில்லை. ஹாஸ்டல் ரூமிலேயே டெஸ்ட் பண்ணிவிட்டேன்! வெவ்வேறு சைஸில் மூன்று இரும்பு வளையம், பழைய பேக்கிலிருந்து வெட்டிய பட்டை, ஷூ லேஸ், ஒரு சைக்கிள் பிரேக் ஒயர். ஜன்னல் கம்பியில் கட்டி, இருபது லிட்டர் தண்ணீர் கேனைத் தொங்கவிட்டேன். ஜம்மென்று நின்றது. ஒயரை இரண்டு விரலால் உருவினேன். சத்தமே இல்லாமல் கழன்றது. சத்தம் கேன் தரையில் விழுந்தபோதுதான் வந்தது. கீழ் ரூம் சீனியர் அண்ணன் வந்து கதவைத் தட்டியது, தரையெல்லாம் துடைத்தது... அதெல்லாம் தனிக்கதை. 'ஸ்டாட்டிக்ஸ்' பேப்பரில் நெம்புகோல் கணக்கை மனப்பாடம் செய்து எழுதியவன் நான். அன்றைக்குத்தான் அது புரிந்தது.

இப்போது கடைசி ஆயுதம். குதித்தவர் மயங்கிவிட்டார், அல்லது உயரம் பார்க்க மறந்துவிட்டார் என்று வையுங்கள். அப்போது ரிசர்வைத் தானே திறக்கிற ஒரு சின்னக் கருவி பைக்குள் இருக்கிறது. அதில் பிரபலமானது 'சைப்ரஸ்'. ஜெர்மனியின் ஹெல்முட் க்ளோத் 1980-களில் தன் நண்பர் ஒருவரின் மரணத்துக்குப் பிறகு இதை உருவாக்க இறங்கினார். 1991-ல் விற்பனைக்கு வந்தது. காற்றழுத்தத்தை வைத்து உயரத்தையும் வேகத்தையும் அளந்துகொண்டே இருக்கும். சுமார் 750 அடிக்குக் கீழே வந்த பிறகும் விநாடிக்கு 35 மீட்டருக்கு மேல் வேகமாக விழுந்துகொண்டிருந்தால், 'இந்தாளு இனி திறக்க மாட்டார்' என்று முடிவுகட்டி, ரிசர்வைக் கட்டியிருக்கும் கயிற்றைத் தானே வெட்டிவிடும்.

சூப்பர், அப்புறம் என்ன கவலை என்கிறீர்களா? 750 அடியில் மிச்சம் இருப்பது நாலு செகண்ட். அதற்குள் ரிசர்வ் வெளியே வந்து, விரிந்து, ஆளைத் தாங்கிப் பிடிக்க வேண்டும்.

நம்ம மலையை வைத்து இன்னொரு சிக்கலும் சொல்கிறேன். இந்தக் கருவிக்குத் தரை எங்கே இருக்கிறது என்று கண் தெரியாது. காலையில் தரையில் ஆன் செய்கிறபோது இருக்கிற காற்றழுத்தம்தான் அதற்குப் பூஜ்யம். உளுந்தூர்பேட்டையில் ஆன் செய்து, விமானம் ஏறி, கல்வராயன் மலை மேல் குதிக்கிறீர்கள் என்று கற்பனை செய்யுங்கள். கருவி கணக்குப்படி 2,500 அடியில் இருக்கிறீர்கள். 'இன்னும் நேரம் இருக்குப்பா' என்று அது சும்மா இருக்கும். ஆனால், உங்கள் காலுக்குக் கீழே வெள்ளிமலை வந்துவிட்டது! கையில் கட்டிய உயரமானியும் இதே பொய்யைத்தான் சொல்லும். ஏறும் இடத்துக்கும் இறங்கும் இடத்துக்கும் உள்ள உயர வித்தியாசத்தை முன்கூட்டியே கணக்குப் போட்டு அதற்குச் சொல்லித்தர வேண்டும். ஆக, மனுஷன் மறந்தாலும் காப்பாற்றுகிற கருவியை, மனுஷன் மறக்காமல் செட் பண்ண வேண்டும்!

போர் அடிக்கிற வேலைகள்

அனுபவசாலிகளின் ஒரு நாளைப் பார்த்தால் முக்கால்வாசி போர். குதித்து விழுகிற நேரம் ஒரு நிமிஷம். அந்த ஒரு நிமிஷத்துக்குப் பிறகு, விரிந்து கிடக்கிற துணியை எடுத்து, கயிறுகளைச் சிக்கெடுத்து, மடித்து, காற்றை வெளியேற்றி, முட்டிபோட்டு அமுக்கி, திரும்பப் பைக்குள் திணிக்க வேண்டும். அம்மா பட்டுப் புடவையை மடிப்பதைப் பார்த்திருப்பீர்களே, அந்த நிதானம் வேண்டும். ஆனால், பீரோவில் வைப்பதற்கு இல்லை. நாளைக்கு 3,000 அடியில் இது விரிந்தாக வேண்டும்.

மெயினை நாமே மடிக்கலாம். ரிசர்வை மடிக்க லைசென்ஸ் பெற்ற 'ரிக்கர்' வேண்டும். அமெரிக்க விதிப்படி 180 நாளுக்கு ஒரு முறை, ஒரு தடவைகூடப் பயன்படுத்தாமல் இருந்தாலும், ரிசர்வைப் பிரித்துச் சோதித்துத் திரும்ப மடிக்க வேண்டும். யார் மடித்தார், எந்தத் தேதியில் மடித்தார் என்று பையிலேயே ஒரு அட்டை இருக்கும். நம்ம வண்டி இன்ஷூரன்ஸ் எப்போது முடிகிறது என்று கேட்டால் எத்தனை பேருக்குத் தேதி தெரியும், சொல்லுங்கள் பார்ப்போம்?

செக்கிங்கும் ஒரு முறையோடு முடிவதில்லை. மாட்டுவதற்கு முன் ஒரு தடவை. விமானம் ஏறுவதற்கு முன் ஒரு தடவை. கதவைத் திறப்பதற்கு முன் இன்னொரு தடவை. அதுவும் முதுகுப் பக்கம் இருக்கிற பின்னை நாமே பார்க்க முடியாது. பக்கத்தில் இருப்பவரைத்தான் பார்க்கச் சொல்ல வேண்டும். ஆயிரம் ஜம்ப் முடித்தவர், நேற்று சேர்ந்த பையனிடம் முதுகைக் காட்டி, 'தம்பி, கொஞ்சம் பார்த்துச் சொல்லு' என்று நிற்பதில் வெட்கமே கிடையாது. எனக்கு இந்த இடம் ரொம்பப் பிடித்தது.

விமானத்தில் உட்கார்ந்திருக்கிறபோது அவர்கள் கை அடிக்கடி நெஞ்சைத் தொடும். சாமி கும்பிடுகிறார்கள் என்று நினைக்காதீர்கள். வலது பக்கம் மெயினை அறுத்து விடுகிற கைப்பிடி. இடது பக்கம் ரிசர்வைத் திறக்கிற கைப்பிடி. முதலில் வலது, பிறகு இடது. வரிசை மாறினால் சிக்கல். கண்ணை மூடிக்கொண்டு தொட்டுப் பார்த்து, மனசுக்குள் ஒரு தடவை 'இழுத்து'ப் பார்த்துக்கொள்வார்கள். மெயின் ஒழுங்காக விரியவில்லை என்றால் அறுத்து விடுவதா, சரி பண்ணப் பார்ப்பதா? இந்த முடிவை எந்த உயரத்துக்குள் எடுக்க வேண்டும் என்பதற்கும் பரிந்துரை இருக்கிறது. மாணவர்களுக்கு 2,500 அடி. அனுபவசாலிகளுக்கு 1,800 அடி. விழுகிறபோது மூளை மெதுவாகத்தான் வேலை செய்யும். அதனால் முடிவைத் தரையிலேயே எடுத்து வைத்துவிட்டுத்தான் மேலே போகிறார்கள்.

அப்புறம் காற்று! ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்று நம்ம ஊரில் சொல்வார்கள். பாராசூட் எம்மாத்திரம்? அமெரிக்காவில் மாணவர்களுக்குத் தரைக் காற்று மணிக்கு 14 மைல், அதாவது சுமார் 22 கிலோமீட்டருக்கு மேல் இருந்தால் குதிக்க அனுமதி இல்லை. அனுபவசாலிக்கு அப்படி எல்லை கிடையாது. அவரே முடிவு பண்ண வேண்டும். காசு கட்டி, லீவு போட்டு, காலை ஐந்து மணிக்கு எழுந்து வந்து, பையை மாட்டிய பிறகு 'இன்னிக்கு வேணாம்' என்று கழற்றி வைப்பது இருக்கே... குதிப்பதைவிட அதற்குத்தான் தில் வேண்டும் என்று தோன்றுகிறது.

அம்மா சொன்ன சேலம்

இந்தக் கட்டுரைக்காக ராத்திரி பகலாகப் படித்துக்கொண்டிருந்தபோது வீட்டிலிருந்து போன். விஷயத்தைச் சொன்னேன். அம்மா ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். "சேலத்துல அந்தப் பொண்ணுக்கு என்னாச்சுன்னு ஞாபகம் இருக்கா?"

எனக்கு ஞாபகம் இல்லை. அப்போது நான் மூன்றாம் வகுப்பு. தேடிப் பார்த்தேன். 2014 பிப்ரவரி. மலைக்கு அந்தப் பக்கம், நம்ம பக்கத்து மாவட்டம் சேலத்தில் நடந்த ஸ்கைடைவிங் பயிற்சி. பெங்களூரிலிருந்து வந்து குதித்த ஓர் இளம்பெண், பாராசூட் விரியாமல் விழுந்து இறந்துபோனார். அந்த வாரம் பேப்பரில் வந்த செய்தியை அம்மா இத்தனை வருஷமாக மறக்கவில்லை.

இதற்கு மேல் அதைப் பற்றி எழுத எனக்கு உரிமை இல்லை. ஆனால், அதைப் படித்த ராத்திரி, மேலே நான் 'ஜம்மென்று', 'சூப்பர்' என்றெல்லாம் எழுதிய பத்திகளைத் திரும்பப் படித்தேன். மூன்று வளையம், வெட்டும் கருவி, இரண்டு கைப்பிடி... இவை எதுவும் சும்மா வந்ததில்லை. ஒவ்வொன்றுக்குப் பின்னாலும் யாரோ ஒருவர் திரும்பி வராமல் போயிருக்கிறார். 1970-களில் அமெரிக்காவில் மட்டும் ஆண்டுக்குச் சராசரியாக 40 பேருக்கு மேல் இந்த விளையாட்டில் இறந்தார்கள். 2023-ல் அதே நாட்டில் சுமார் 36 லட்சம் ஜம்ப்கள் நடந்தன. இறந்தவர்கள் 10 பேர். நாற்பதைப் பத்தாக்கியது யாருடைய வீரமும் இல்லை.

ஆனால், இங்கேதான் ஒரு ட்விஸ்ட். பாராசூட் விரியாமல் நடக்கிற விபத்து குறைந்துகொண்டே வர, வேறு ஒரு வகை விபத்து தலை தூக்கியது. பாராசூட் அழகாக விரிந்து, எல்லாம் சரியாக இருந்து, தரைக்குப் பக்கத்தில் வந்த பிறகு அடிபடுவது! காரணம்? சின்ன பாராசூட் என்றால் வேகம் அதிகம். ஆளும் கியரும் சேர்ந்த எடையை பவுண்டில் எடுத்து, பாராசூட்டின் சதுர அடியால் வகுத்தால் வருவது 'விங் லோடிங்'. 180 பவுண்டுக்கு 180 சதுர அடி என்றால் ஒன்று. புதியவர்கள் ஒன்றுக்குக் கீழேயே இருப்பது நல்லது. கை தேர்ந்தவர்கள் நூறு சதுர அடிக்கும் குறைவானதைப் போட்டுக்கொண்டு, தரைக்கு அருகில் சர்ரென்று ஒரு திருப்பு திருப்பி, புல்லை உரசியபடி வருவார்கள். பார்க்க விசில் அடிக்கத் தோன்றும். அந்தத் திருப்பு பத்து அடி தாழ்வாக ஆரம்பித்துவிட்டால்... ரிசர்வும் உதவாது, சைப்ரஸும் உதவாது. முதுகில் இரண்டு லட்சம் ரூபாய் சாமான் இருந்தாலும், இருபது லட்சம் ரூபாய் சாமான் இருந்தாலும் ஒன்றுதான்.

ஃபெலிக்ஸ் பாம்கார்ட்னர் தெரியும்தானே? 2012 அக்டோபரில் சுமார் 39 கிலோமீட்டர் உயரத்திலிருந்து குதித்து, ஒலியின் வேகத்தைத் தாண்டியவர். நாம் எல்லோரும் யூடியூபில் வாய் பிளந்து பார்த்த ஆள். 2025 ஜூலையில் இத்தாலியில், பாராகிளைடரில் பறந்தபோது விபத்தில் இறந்தார்.

ஆரம்பத்தில் பஸ்ஸில் போனேன் என்று சொன்னேன் இல்லையா? போன வருஷம் வரைக்கும் பைக்தான். முதல் முறை வெள்ளிமலைக்கு ஏறியபோது ஒவ்வொரு வளைவுக்கும் ஹாரன், செகண்ட் கியர், ஹெல்மெட்டில் ஸ்ட்ராப். மேகம் அருவி, பெரியார் அருவி என்று பத்துப் பன்னிரண்டு தடவை போய் வந்த பிறகு ரோடு மனப்பாடம். ஹெல்மெட் பெட்ரோல் டேங்குக்கு வந்துவிட்டது. இறக்கத்தில் நியூட்ரல். ஒரு சாயங்காலம், மழை பெய்து விட்டிருந்தது. எனக்கு நன்றாகத் தெரிந்த வளைவு. நன்றாகத் தெரியும் என்பதால்தான் பிரேக்கைத் தொடவில்லை. வண்டி ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். டேங்கில் இருந்த ஹெல்மெட் மட்டும் எந்தக் கீறலும் இல்லாமல் பள்ளத்தில் உருண்டுபோய் ஒரு புதரில் உட்கார்ந்திருந்தது! எனக்கு முழங்கையில் ஆறு தையல். இது அம்மாவுக்குத் தெரியாது. இந்தப் பக்கத்தைப் படித்தால் தெரிந்துவிடும்.

சரி, நீங்கள் குதிக்கணுமா?

'பயமுறுத்தினது போதும், வழியைச் சொல்லு' என்கிற கட்சியா நீங்கள்? சொல்லிவிடுகிறேன்.

காலேஜில் என்.சி.சி. ஆர்மி விங்கில் இருக்கிறீர்களா? முதல் அதிர்ஷ்டசாலி நீங்கள்தான். தேர்வாகிற கேடட்களுக்கு ஆக்ராவில், ராணுவ வீரர்கள் பயிற்சி பெறும் பள்ளியிலேயே பாராசூட் பயிற்சி தருகிறார்கள். பெண்களுக்கும் உண்டு. விமானத்தோடு கட்டிய பட்டை தானாகவே பாராசூட்டைத் திறந்துவிடுகிற முறை அது. போட்டி கடுமை. உடல் தகுதி முக்கியம். காலையில் ஓட ஆரம்பியுங்கள்.

அடுத்தது டேண்டம். பயிற்சியாளரின் நெஞ்சோடு உங்களைக் கட்டிக்கொண்டு அவரே குதிப்பார். நீங்கள் பார்சல் மாதிரி. ஹரியானாவின் நார்னால் அருகே இதற்கென்று இடம் இருக்கிறது. துபாயில் வேலை பார்க்கிற சித்தப்பா, மாமா யாராவது இருந்தால் அங்கே பாம் ஜுமேரா தீவின் மேலேயே குதிக்கலாம். தனியாகக் குதிக்கக் கற்றுக்கொள்ள வேறு படிப்பு இருக்கிறது. ஆரம்ப ஜம்ப்களில் இரண்டு பயிற்சியாளர்கள் இரண்டு பக்கமும் பிடித்துக்கொண்டு கூடவே விழுவார்கள்.

எங்கே போனாலும் சரி, காசு கட்டுவதற்கு முன்னால் கூச்சப்படாமல் கேளுங்கள். பயிற்சியாளர் என்ன லைசென்ஸ் வைத்திருக்கிறார்? ரிசர்வை யார், எந்தத் தேதியில் மடித்தார், அந்த அட்டையைக் காட்ட முடியுமா? தானாகத் திறக்கிற கருவி இருக்கிறதா, இன்றைக்கு ஆன் செய்தாயிற்றா? எவ்வளவு காற்று வீசினால் ரத்து செய்வீர்கள்? ரத்தானால் காசு திரும்ப வருமா? கடைசிக் கேள்வியை அல்பமாக நினைக்காதீர்கள். காசு திரும்பி வராது என்றால், காற்றடிக்கிற நாளில் 'பரவாயில்லை, குதிச்சுடலாம்' என்று நீங்களே சொல்லிவிடுவீர்கள். நல்ல இடத்தில் இந்தக் கேள்விகளைக் கேட்டால் சந்தோஷப்படுவார்கள். 'அதெல்லாம் உங்களுக்கெதுக்கு தம்பி' என்று யாராவது சொன்னால், டீ குடித்துவிட்டு அடுத்த பஸ்ஸைப் பிடியுங்கள்.

நான் குதிப்பேனா? காசு சேர்த்துக்கொண்டிருக்கிறேன். அம்மாவிடம் அந்தக் கேள்விப் பட்டியலைப் படித்துக் காட்டினேன். கொஞ்ச நேரம் பேசவே இல்லை. அப்புறம், "அந்த அட்டையை நீயே வாங்கிப் பாப்பியா, இல்ல அவங்க சொன்னா நம்பிடுவியா?" என்றார். வாங்கிப் பார்ப்பேன் என்று சொல்லியிருக்கிறேன். இன்னும் 'சரி' என்று வரவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை வெள்ளிமலையிலிருந்து சாயங்கால பஸ்ஸில் இறங்கினேன். இறக்கம் ஆரம்பிக்கிற இடத்தில், தூரத்தில் கீழே சமவெளி பச்சையும் பழுப்புமாகத் தெரிந்தது. கண்ணை மூடிக்கொண்டு மெதுவாக எண்ண ஆரம்பித்தேன். ஒண்ணு... ரெண்டு... மூணு... பதினாலு வந்தபோது கண்ணைத் திறந்தேன். எதிரே வந்த மரவள்ளிக்கிழங்கு லாரிக்கு வழிவிட, எங்கள் பஸ் முதல் வளைவிலேயே ஓரம் கட்டி நின்றுகொண்டிருந்தது.